எல்லாம் கண்ட்ரோலில்

1993 ஜூன் 14, திங்கள்

மாத்திரை பாட்டிலில் எறும்பு. சின்னச் சிவப்பு எறும்பு, மூடியைச் சுற்றி வரிசை கட்டி நிற்கிறது. பஞ்சவர்ணம் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பாட்டிலை வைத்தாள். "மருந்துக்கெல்லாமா எறும்பு வரும்? நம்மூட்டு எறும்புக்கு நாக்கு செத்துப் போச்சு" என்றாள். சிரித்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் சிரித்ததை விரல் விட்டு எண்ணலாம்.

இந்த டைரி குணா கொடுத்தது. ஏதோ மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்ததாம். மாத்திரை போட்ட நேரம், வலி, தூக்கம் எல்லாம் எழுதிவைக்கச் சொன்னான். முப்பத்திரண்டு வருஷம் ஆவடி பேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவனுக்கு எழுதுவதற்குச் சொல்லித்தர வேண்டாம்.

சரி, எழுதிவிடுகிறேன். புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி. மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிறதாம். அறுபது வயது வரை அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே தெரியாது. அதில் புற்றுநோய். ஏப்ரலில் ஆபரேஷன். தெருவில் கேட்டவர்களுக்குக் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். இரண்டு விதையையும் எடுத்துவிட்டார்கள் என்று எவனிடம் போய்ச் சொல்வது? இங்கேயே இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஆபரேஷனோடு கூட ஒரு புது மாத்திரை. வெளிநாட்டு மருந்து, கடையில் கிடைக்காது, ஆராய்ச்சியில் சேர்ந்தால்தான் தருவார்கள். சேர்த்துவிட்டவன் குணாதான். குணசேகரன், பஞ்சவர்ணத்தின் தம்பி. ஏழாவது படிக்கும்போது எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தவன், பி.எஸ்ஸி. முடிக்கும்வரை எங்களோடுதான் இருந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன்தான். இப்போது பட்டணத்தில் அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை.

ஆறு பக்கம் இங்கிலீஷ் பாரம். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். குணா பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் போட்டேன்.

ஜூன் 23, புதன்

ஆஸ்பத்திரி நாள். நாலு வாரத்துக்கு ஒரு புதன்.

பெஞ்சில் பக்கத்தில் உஸ்மான் கனி பாய். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டு ஓரமாக டயர் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் அதே நோய், அதே ஆபரேஷன், அதே மாத்திரை. என்ன ஆபரேஷன் என்று நான் மறைக்காமல் பேசுகிற ஒரே மனிதர். போன தடவையே கேட்டுவிட்டார்: "இன்னா அண்ணாத்தே, ரெண்டும் போச்சா? எனக்கும் போச்சு. நாம ரெண்டு பேரும் ஒரே லாட்டு." ஒரே சமயத்தில் செய்த சரக்குக்கு லாட்டு என்று பேர்; பேக்டரிக்காரன் மாதிரியே பேசுகிறார்.

குணா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்கிறான். வயிற்றுப்போக்கு உண்டா, மார் வலி உண்டா, கண் மஞ்சளாக இருக்கிறதா. கண் மஞ்சளானால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு வரவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னான்.

பாய்க்கு வயிறு சரியில்லை. மார் இரண்டும் வீங்கி, சட்டை பட்டாலே வலிக்கிறதாம். "பொம்பள கணக்கா ஆயிட்டேன், நம்ம ஊட்டுக்காரி ரசூல் பீவி சிரிக்கிறா" என்றார். எனக்கு ஒன்றும் இல்லை. வயிறு கல்லு மாதிரி. "நம்ம உடம்பு இரும்பு பாய்" என்று பீற்றிக்கொண்டேன். பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது.

ஜூலை 21, புதன்

பஞ்சவர்ணமும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எனக்கு ரத்தம் எடுக்கும்போது அவள் குணாவின் மேஜை ஓரத்தில் நின்றிருக்கிறாள். என் பைல் அட்டையில் சிவப்பு மையில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை. எட்டாவது படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். கண்ட்ரோல்.

"மாமாவுக்குக் கண்ட்ரோல்னு போட்டு கீதே, நெசமாவா?" என்று குணாவைக் கேட்டாளாம். அவன் பைலைச் சட்டென்று திருப்பி வைத்துவிட்டு, "ஆமாக்கா, கண்ட்ரோல்தான்" என்றானாம்.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அம்பத்தூர் தாண்டியும் விடவில்லை. எதிர்வீட்டு கெங்கம்மாளுக்குச் சுகர் கண்ட்ரோலுக்கு வர ரெண்டு வருஷம் ஆச்சு, உங்களுக்கு மூணே மாசம் என்றாள். கண் கலங்கிவிட்டது எனக்கு. குணாவைப் படிக்கவைத்தது வீண் போகவில்லை.

ஜூலை 25, ஆடி ஞாயிறு

அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். பெரிய அண்டா. தெருவே வந்தது. எதற்கு வேண்டுதல் என்று கேட்டவர்களிடம் பஞ்சவர்ணம் "அவருக்கு எல்லாம் கண்ட்ரோலுக்கு வந்துடுச்சு" என்றாள். எது கண்ட்ரோலுக்கு வந்தது என்று சொல்லவில்லை. குணாவும் வந்தான். கூழைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே நின்றான். சூடு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 4

கண்ட்ரோல். தூக்கம் நன்று. முதுகில் லேசாகப் பிடிப்பு. கூழ் அண்டாவைத் தூக்கியது.

ஆகஸ்ட் 18, புதன்

பிடிப்பு போகவில்லை. இடுப்புக்கு மேலே, ஒரே இடம், ஆணி வைத்த மாதிரி.

ரத்தத்தில் ஒரு எண் பார்க்கிறார்கள். நோய் ஏறினால் எண் ஏறும். ஜூனில் ஒன்பது. இன்றைக்கு இருபத்தொன்று. பாய்க்குப் பதினாலிலிருந்து நாலுக்கு இறங்கியிருக்கிறது. குணாவிடம் கேட்டேன், "என்னடா இது, கண்ட்ரோல்னியே." அவன் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினான். "பாக்கலாம் மாமா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

பாய் கடைக்குப் போயிருந்தேன். லாரி டயர்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். மதிய மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். "இன்னா இப்ப, ஒரே மாத்திரைதானே, நம்மள்து ஒண்ணு துன்னு" என்று தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார்.

நாக்கில் வைத்ததும் கசப்பு. குமட்டும் கசப்பு. என் மாத்திரை இந்த நாலு மாதத்தில் ஒரு நாளும் கசந்ததில்லை.

"பாய், இது எப்பவும் இப்படிக் கசக்குமா?"

"மருந்துன்னா கசக்காம அல்வா கணக்கா இருக்குமா அண்ணாத்தே?"

இன்னொரு மாத்திரை கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன் வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30

காலை எட்டு மணி. இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரே அளவு தண்ணீர். இடது பக்கம் பாயின் மாத்திரை, வலது பக்கம் என்னுடையது. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே கோடு. பேக்டரி கேஜ் வைத்து அளந்தாலும் பாஸ் ஆகும்.

ஒன்பது மணி. பாயுடையது கரையாமல் அடியில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. என்னுடையது முழுக்கக் கரைந்துவிட்டது.

பதினோரு மணி. வலது டம்ளரைச் சுற்றி எறும்பு. இடது டம்ளரில் ஒன்றுகூட இல்லை.

பஞ்சவர்ணத்திடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 5, ஞாயிறு

குணா வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தான். சோறு போடும் முன்பு அவன் தட்டுக்கு முன்னால் இரண்டு டம்ளரையும் வைத்தேன். பாயிடம் இன்னொன்று வாங்கி மறுபடி செய்தது, அதே ரிசல்ட். "இது பாயோடது. இது என்னோடது. ரிப்போர்ட்டை நீயே எழுது" என்றேன்.

எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க கண்ட்ரோல் குரூப் மாமா" என்றான்.

"அதான் தெரியுமேடா" என்றாள் பஞ்சவர்ணம். சிரித்துக்கொண்டே சொன்னாள், பாவி மனுஷி.

"அக்கா, நோய் கண்ட்ரோல்ல இருக்குன்னு அர்த்தம் இல்லக்கா. பாதிப் பேருக்குப் புது மாத்திரை குடுப்பாங்க. மீதிப் பேருக்கு மருந்து இல்லாத மாத்திரை. ரெண்டு கூட்டத்தையும் வச்சுப் பாத்தாதான் புது மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு தெரியும். மருந்து இல்லாத கூட்டத்துக்குப் பேருதான் கண்ட்ரோல்."

குக்கர் கத்தியது. அவனே தொடர்ந்தான்: ஆபரேஷன்தான் வழக்கமான வைத்தியம், அதில் எனக்கு ஒன்றும் குறைக்கவில்லையாம். யாருக்கு எது என்று முடிவு செய்வது ஒட்டிய கவர்களாம். ஆளுக்கு ஒரு கவர், வரிசைப்படி.

"என் கவரைப் பிரிச்சது யாரு?"

"நான்தான் மாமா."

"பிரிச்சதும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"வேற கவரை எடுத்திருக்க வேண்டியதுதானே."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "எப்படி மாமா? பேக்டரில அய்யாசாமி அண்ணன் செஞ்ச லாட்டை நீங்க ரிஜெக்ட் பண்ணலையா? உங்க கூடப் பொறந்த தம்பி, அவரு ப்ரமோஷன் போச்சு. ரீடிங்கை மாத்தினா அப்புறம் இன்ஸ்பெக்ஷன் எதுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது இரும்புடா. நான் இரும்பா?"

பஞ்சவர்ணம் கரண்டியைக் கீழே வைத்தாள். "கூழு ஊத்துனேனேடா. தெருவுக்கே ஊத்துனேன். நீயும் வாங்கிக் குடிச்சியேடா" என்றாள். அவன் அழுதான். நான் கதவைக் காட்டினேன். சாப்பிடாமல் போனான்.

செப்டம்பர் 6

கண்ட்ரோல் பீஸ். முப்பத்திரண்டு வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் சோறு தின்றேன். ஒரு லாட்டில் இரண்டு துண்டு எடுப்போம். ஒன்றை உலையில் போடுவோம். இன்னொன்றைப் போடாமல் சும்மா அலமாரியில் வைப்போம், ஒப்பிட்டுப் பார்க்க. அந்தச் சும்மா துண்டுக்குப் பேர் கண்ட்ரோல் பீஸ். ஊருக்கே தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியாதா? பெண்டாட்டி சந்தோஷமாகச் சொன்னாள் என்று சுகர் கண்ட்ரோல் மாதிரி எடுத்துக்கொண்டேனே, என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கவர் எப்படி வேணா வரட்டும். அது அவன் தப்பு இல்ல. ரூல் இருக்கு, சரி, சொல்லக் கூடாது, சரி. வாயை மூடிக்கினு இருந்திருக்கலாமே. அக்கா கேட்டா "தெரியாதுக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. "ஆமாக்கா, கண்ட்ரோல்தான்." அந்த ஒரு வார்த்தையை அவ தாலில முடிஞ்சுக்கினு பஸ்ல வந்தாடா. அதை எப்படிடா சொன்னே? அவ கையால தின்ன வாயி.

செப்டம்பர் 7

எழுத ஒன்றுமில்லை. முதுகு.

செப்டம்பர் 12, ஞாயிறு

பாய் கடை. எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு எனக்கு மூணு மாத்திரை. ஆளுக்கு ஒன்றரை. கணக்கு முடிஞ்சுபோச்சு" என்றார்.

வேண்டாம் என்றேன். உங்கள் மருந்து குறைந்துவிடுமே என்றேன்.

"என்க்கு நம்பர் நாலுக்கு வந்துகீது. உனுக்கு ஏறிக்கினு போவுது. பக்கத்துல குந்திகினு நான் மட்டும் துன்றதா? அது ஹலாலா சொல்லு."

குணாவிடம் சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டோம். வாராவாரம் நான் வந்து வாங்கிக்கொள்வது. ரப்பர் வெட்டும் கத்தியால் மாத்திரையை நேர் பாதியாக வெட்டிக் காட்டினார். பேக்டரியில்கூட அப்படி ஒரு கை எனக்கு வாய்த்ததில்லை. அவன் எங்களை ஏமாற்றினான், நாங்கள் அவனை ஏமாற்றுகிறோம். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அக்டோபர் 13, புதன்

எண் பதினேழு. இறங்கியிருக்கிறது. முதுகிலும் ஆணி கொஞ்சம் தளர்ந்த மாதிரி. குணா தாளைப் பார்த்து ஆச்சரியப்பட்டான். "நல்லா இருக்கு மாமா" என்றான். நான் அவனோடு பேசுவதில்லை. அவன் கேட்கும் கேள்விகளுக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

எறும்பு மாத்திரையை இப்போதும் வாங்கி வருகிறேன், சந்தேகம் வரக்கூடாது என்று. பஞ்சவர்ணம் அதை எறும்புக்கே போட்டுவிடுகிறாள்.

அக்டோபர் 24

குணா வீட்டுக்கு வந்து தெருவிலேயே நின்றானாம். பஞ்சவர்ணம் வாசலுக்குப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை.

நவம்பர் 21, ஞாயிறு

மழைக்குப் பிறகு ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ. பஸ்ஸில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி. பாயும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கடைக்குள் இருட்டு மூலையில்.

"கிட்ட வராதே அண்ணாத்தே, பாத்தா ஒட்டிக்கும்" என்றார். பொட்டலத்தை டயர் மேல் வைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுத்தேன். இளைத்திருக்கிறார். கேட்டதற்கு, சோறு இறங்கவில்லை, ரப்பர் புகை என்றார்.

டிசம்பர் 5, ஞாயிறு

பாய்க்கு இன்னும் கண்ணாடி. வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்கு வருகிறதாம், அவருக்குத் திரும்ப வந்துவிட்டதாம். உடம்பெல்லாம் அரிப்பு வேறு. சொறிந்துகொண்டே இருந்தார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரமுடியாது என்றார். "கண்ணு இப்புடி கீது, பஸ்ல ஏத்தமாட்டான். நீயே நம்ம மாத்திரையும் வாங்கினு வந்துடு. பாய் கோயமுத்தூர் போய்க்கிறாரு, டயர் எடுக்கன்னு சொல்லிடு." சரி என்றேன். மாத்திரை நின்றுவிடக் கூடாதே என்பதுதான் எனக்குக் கவலை. எனக்கும் அதில் பாதி இருக்கிறதே.

டிசம்பர் 8, புதன்

மூன்று மாதத்துக்குப் பிறகு குணாவோடு பேசினேன். பேசவேண்டி வந்தது. பாய் கோயமுத்தூர் போயிருக்கிறார், அவர் மாத்திரையையும் கொடு என்றேன். என் குரலைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்த விதம், சின்ன வயதில் பேக்டரி கேட்டில் எனக்காகக் காத்து நின்ற முகம் அது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"ரத்தம் எடுக்காம மாத்திரை குடுக்கக் கூடாது மாமா, ரூல்" என்றான்.

"ரூல்தானே உனக்கு எல்லாம்" என்றேன்.

அப்புறம் அலமாரியைத் திறந்தான். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "பாய் உடம்பு எப்படி கீது மாமா? வாந்தி, அரிப்பு, கண் மஞ்சள் எதுவும் இல்லையே?"

அவன் சொன்ன வார்த்தையை அவனுக்கே திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. அவன் கண்ணைப் பார்த்தே சொன்னேன்: "எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு."

அடிபட்ட மாதிரி கண்ணைத் தாழ்த்தினான். பாட்டிலைக் கொடுத்துவிட்டான். வெளியே வந்து டீ குடித்தேன். நன்றாக இருந்தது டீ.

டிசம்பர் 12

பாய் பாட்டிலைப் புதன்கிழமையே கடையில் கொடுத்துவிட்டேன், இன்றைக்குப் பொட்டலம் வாங்கினேன். பாய் கடைக்கு வரவில்லை. வேலைக்காரன் வேம்புலிதான் கொடுத்தான். "மொதலாளிக்கு உடம்பு சரியில்ல, ஊட்ல கீறாரு, உனுக்குக் குடுக்கச் சொன்னாரு" என்றான்.

வீடு வரைக்கும் போயிருக்கலாம். மெட்ராஸ் ஐ பயத்தில் போகவில்லை.

டிசம்பர் 20

காலையில் வேம்புலி வந்தான். பாயை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மஞ்சள் காமாலை. ஈரல் கெட்டுவிட்டதாம். நினைவு இல்லை.

மெட்ராஸ் ஐ இல்லை. மெட்ராஸ் ஐ இல்லவே இல்லை.

டிசம்பர் 22

உஸ்மான் கனி பாய் மௌத்தாகிவிட்டார். பூந்தமல்லியில் அடக்கம். கூட்டத்தில் கடைசியில் நின்றேன். குணாவும் வந்திருந்தான். அவனும் கடைசியில்தான் நின்றான், எனக்குப் பத்தடி தள்ளி.

டிசம்பர் 26, ஞாயிறு

பாய் வீட்டுக்குப் போனேன். ரசூல் பீவி இத்தாவில், புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பது, அதனால் வெளியே வரவில்லை. உள்கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து பேசினார். மகள் அஷ்ரஃபுன்னிசா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு மாசமா கண்ணு மஞ்சளா இருந்துச்சு அண்ணே. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா வேணாம்னாரு. இப்பப் போனா மாத்திரையை நிறுத்திடுவானுங்க, அப்பால அண்ணாத்தேக்கு இல்லாமப் பூடும், கீழாநெல்லில சரியாப் பூடும் பாருன்னாரு. நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் அந்தக் கண்ணாடி."

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே நாலு பொட்டலம், ஒவ்வொன்றிலும் நீலப் பென்சிலில் தேதி. ஜனவரி வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறார். எல்லாம் நேர் பாதி.

நீயும் என்னை ஏமாத்திட்டியே பாய். அவன் ஏமாத்துனான், அவனை ரிஜெக்ட் பண்ணேன். உன்னை இன்னா பண்றது? கண்ணுக்கு நேரா கண்ணாடி போட்டுக்கினு குந்தியிருந்தியே. நான் ஒரு இன்ஸ்பெக்டர். முடியளவு கீறல் இருந்தாலும் கண்டுபுடிப்பேன்னு பேர் வாங்கினவன். மூஞ்சியைத் திருப்பிக்கினு பொட்டலத்தை எடுத்தேனே. இன்னா இருக்குன்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்திருந்தா?

டிசம்பர் 27

பஞ்சவர்ணத்திடம் எட்டாம் தேதி நான் குணாவிடம் சொன்னதைச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? அவள் முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவன் சொன்ன அதே வார்த்தையா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

1994 ஜனவரி 5, புதன்

பிஸ்கட் டின்னோடு போனேன். பெரிய டாக்டர் இருக்கும்போதே எழுதவேண்டும் என்று நின்றேன். குணா எழுதினான். செப்டம்பர் பன்னிரண்டிலிருந்து உஸ்மான் கனி ஒரு நாளைக்கு ஒன்றரை மாத்திரைதான் சாப்பிட்டார். மீதி ஒன்றரையை நான் சாப்பிட்டேன். நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து அவர் கண் மஞ்சள். டிசம்பர் எட்டாம் தேதி அவர் கோயமுத்தூரில் இல்லை. எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன், இந்த டைரியைப் பார்த்து.

டாக்டர் தலையில் கைவைத்தார். இரண்டு பேருடைய கணக்கும் ஆராய்ச்சியில் செல்லாது என்றார். தப்பான ரீடிங் உள்ளே இருப்பதைவிட அதுதான் சரி என்றேன். என் ஈரலைப் பார்க்கச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். ஈரல் நன்றாக இருக்கிறது. இரும்புதான்.

அவர் போன பிறகு குணா பேனாவை மூடவில்லை. "நான் ஒண்ணு எழுதணும் மாமா" என்றான். ரத்தம் எடுக்காமல் மாத்திரை கொடுத்தவர், குணசேகரன் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான்.

"ஏன்டா குடுத்தே?"

"நீங்க பேசினீங்களே மாமா. மூணு மாசம் கழிச்சு."

ஒரே ஒரு தடவை ரூலை எனக்காக வளைத்திருக்கிறான். நான் வளைக்கச் சொன்ன ஒரே ஒரு தடவை.

அவனைத் திட்டவும் முடியவில்லை, தொடவும் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தான். நான் ஏறிக்கொண்டேன்.

மார்ச் 9

எண் முப்பத்தொன்று. எனக்கு இனி ஆராய்ச்சி இல்லை. சாதாரண நோயாளி. வலி மாத்திரை மட்டும், அது கசக்கிறது.

மே 15

ரசூல் பீவிக்கு இத்தா முடிந்துவிட்டது. இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறங்கவில்லை.

ஜூலை 24, ஆடி ஞாயிறு

பஞ்சவர்ணம் இந்த வருஷமும் கூழ் ஊற்றினாள், சின்ன அண்டாவில். தெருக்காரர்கள் எதற்கு என்று கேட்டதற்கு, "சொம்மாத்தான்" என்றாள்.

பத்து மணிக்குக் குணா வந்தான். தெருவிலேயே நின்றான், போன தடவை மாதிரி. பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். நான் ஈஸிசேரை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரச் சொல் என்றேன். அவனுக்குக் கூழ் கொடுத்தாள். இந்தத் தடவை உடனே குடித்துவிட்டான்.

பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கையில் பாரம் இல்லை, பேனா இல்லை. "எப்படி கீறீங்க மாமா?" என்றான்.

வழக்கமான அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. வாசலில் கெங்கம்மாள்கூட நின்றிருந்தாள்.

"முதுகு வலிக்குதுடா" என்றேன்.

"எங்க மாமா?" என்றான். சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.